வட்டில் இருக்கும், திரையில் வராது

2007 நவம்பரில் சிங்கப்பூரின் ஊடக மேம்பாட்டு ஆணையம் 'மாஸ் எஃபெக்ட்' என்ற வீடியோ கேமுக்குத் தடை விதித்தது. மனிதப் பெண் ஒருத்தியும் வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தியும் நெருங்கிப் பழகும் காட்சி அதில் இருக்கிறது என்பதே காரணம். அதே ஆண்டில் 'காட் ஆஃப் வார் 2', 'தி டார்க்னெஸ்' ஆகியவையும் தடைபட்டிருந்தன. ஆனால் மாஸ் எஃபெக்ட் தடை சில நாள்கூட நீடிக்கவில்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்னும் எம்18 முத்திரையோடு விற்கலாம் என்று ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 2008 ஏப்ரலில், வீடியோ கேம்களுக்கென்றே ஒரு வகைப்பாட்டு முறை இங்கே நடைமுறைக்கு வந்தது.

அதிகாரிகளின் கண்ணில் பட்டது ஒரு காட்சி. அவர்கள் பார்க்காத வேறு சில அதே விளையாட்டுக்குள் கிடந்தன. நாயகன் தன்னுடன் போரிடும் கெய்டன் என்ற ஆண் தோழனைக் காதலிக்கும் உரையாடல்களுக்கான குரல் பதிவுகள் அவை. முதலில் திட்டமிட்டுப் பதிவு செய்து, பின்னர் கைவிட்டுவிட்டார்கள். விளையாட்டை எந்த வழியில் ஆடினாலும் அவை ஒலிக்காது. ஆனால் கோப்புகளை யாரும் அழிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, விளையாட்டுகளைப் பிரித்து மாற்றியமைக்கும் மாடர்கள் அந்தக் குரல்களைத் தேடியெடுத்து மீண்டும் பேச வைத்தார்கள்.

இந்த ஒரு சம்பவத்திலிருந்தே கேட்கவேண்டிய கேள்வி வந்துவிடுகிறது. ஒரு விளையாட்டு என்பது திரையில் நாம் பார்ப்பதா, வட்டில் எழுதியிருப்பதா? இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களுக்குள் நீங்கள் ஒருபோதும் காணாத அறைகளும், கேட்காத பாட்டுகளும், சந்திக்காத பாத்திரங்களும் உண்டு. செய்தவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்றும் பல சமயம் உண்டு. அதைத்தான் டீபக் மெனு என்கிறார்கள்.

டீபக் மெனுவிலிருந்து தொடங்குவோம். விளையாட்டு ஒன்றில் 20 கட்டங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். 19ஆம் கட்டத்தில் ஒரு கதவு திறக்க மறுக்கிறது. நிரலாளர் அதைச் சரிசெய்கிறார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, சோதனையாளர் முதல் கட்டத்திலிருந்து ஆடிக்கொண்டு வரவேண்டுமா? வந்தால் ஒரு பிழைக்கு ஒரு நாள் போய்விடும். அதனால், எந்தக் கட்டத்துக்கும் நேரே தாவவும், எதிரி அடித்தால் சாகாமல் இருக்கவும், எந்த ஆயுதத்தையும் உடனே கையில் எடுக்கவும், கேமராவைப் பாத்திரத்திடமிருந்து பிரித்துச் சுவருக்கு அப்பால் பறக்கவிடவும் ஒரு மெனுவை எழுதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பொருளையும் சுற்றி, மோதல் எங்கே பதிவாகும் என்பதைக் காட்டும் கோட்டுப் பெட்டிகள் தெரியும். திரையின் மூலையில் நினைவகம் எவ்வளவு மிச்சம், நொடிக்கு எத்தனை படங்கள் ஓடுகின்றன என்ற எண்கள் நிற்கும்.

ஒன்-நார்த் பகுதியில் உள்ள பெரிய நிறுவனமாக இருந்தாலும், பலதுறைத் தொழிற்கல்லூரியின் கணினிக் கூடத்தில் மூன்று மாணவர்கள் சேர்ந்து செய்யும் சிறு விளையாட்டாக இருந்தாலும், இப்படி ஒன்று இல்லாமல் வேலை நடக்காது. விளையாட்டு உருவாகும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அதைச் செய்பவர்கள் அதிகம் தொட்டுப் பழகும் திரை இதுதான். அழகாக இராது. எழுத்துகள் கோணல்மாணலாக நிற்கும், சுருக்கப் பெயர்கள் வெளியாளுக்குப் புரியாது. ஆனால் ஒரு கேம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் இளைஞருக்கு அதைவிட நல்ல பாடநூலை என்னால் காட்ட முடியாது.

உலகில் மிகப் புகழ்பெற்ற ரகசியச் சாவி இந்தத் தேவையிலிருந்தே பிறந்தது. 1986இல் கொனாமி நிறுவனம் 'கிராடியஸ்' என்ற விண்கப்பல் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அந்த வேலையைச் செய்த கஸுஹிசா ஹாஷிமோட்டோவுக்குச் சோதித்துப் பார்க்கையில் விளையாட்டு மிகக் கடினமாக இருந்தது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் எல்லாச் சக்திகளும் ஒரேயடியாகக் கிடைக்கும்படி தமக்கென எழுதிக்கொண்டார். விற்பனைக்குப் போன பதிப்பிலும் அது இருந்துவிட்டது. பின்னர் கொனாமியின் வேறு பல விளையாட்டுகளிலும் அது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. ஹாஷிமோட்டோ 2020இல் காலமானபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அஞ்சலியாக எழுதியது இந்தப் பத்து அழுத்தல்களைத்தான்.

'சோனிக் 2' இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. அதில் ஒலிகளைக் கேட்டுப் பார்க்கும் ஒரு திரை உண்டு. அங்கே 19, 65, 09, 17 என்ற எண்களை வரிசையாக ஒலிக்கவிட்டால் கட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் மெனு திறக்கும். அந்த எண்கள் நிரலாளர் யூஜி நாகாவின் பிறந்த நாள், 1965 செப்டம்பர் 17. அடுத்து 01, 09, 09, 02, 01, 01, 02, 04 என்று ஒலிக்கவிட்டால் டீபக் முறையே திறந்துவிடும். அது விளையாட்டு வெளியான நாள், 1992 நவம்பர் 24. ஆட்டக்காரர் சோனிக்கை வளையமாகவோ எதிரியாகவோ மாற்றி, நினைத்த இடத்தில் நினைத்த பொருளை வைக்கலாம். அந்த ஒலித் திரையில் 10ஆம் எண்ணில் விளையாட்டின் எந்தக் கட்டத்திலும் வராத ஒரு பாட்டு இருக்கிறது. 'ஹிடன் பேலஸ்' என்ற கட்டம் பாதியில் வெட்டப்பட்டதும் ஆட்டக்காரர்களுக்குத் தெரியவந்தது. 2013இல் கைப்பேசிக்கு மறுபதிப்புச் செய்தவர்கள் அந்தக் கட்டத்தைக் கட்டி முடித்து, அந்த 10ஆம் எண் பாட்டையே அதற்கு வைத்தார்கள். 21 ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டுக்கு ஓர் இடம் கிடைத்தது.

சரி, வேலை முடிந்ததும் இவற்றை நீக்கிவிட வேண்டியதுதானே? வாசகர் கேட்கக்கூடிய முதல் கேள்வி இதுதான். பதில், நீக்குவதுதான் ஆபத்து. தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உள்தையலில் மிச்சத் துணியை மடித்துத்தான் தைப்பார்கள். வெளியே தெரியாது. ஒட்ட வெட்டினால் தையலே பிரிந்துவிடும். விளையாட்டு நிரலிலும் ஒரு பகுதி இன்னொரு பகுதியை நம்பி நிற்கிறது. 'இந்தப் பாத்திரம் எப்படியும் வராது' என்று அதன் கோப்பை அழித்தால், அந்தக் கோப்பைத் தேடும் ஏதோ ஒரு வரி எங்கோ தடுக்கி விழுந்து, முழு விளையாட்டும் நின்றுபோகலாம். விற்பனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. அழிப்பதற்குப் பதிலாக அதற்குப் போகும் வழியை மட்டும் அடைப்பார்கள். பல விளையாட்டுகளில் அந்த அடைப்பு ஒரே ஒரு பைட். அதில் 0 இருந்தால் மெனு வராது, 1 என்று மாற்றினால் வந்துவிடும்.

1997இல் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'கோல்டன்ஐ 007' இதற்குச் சாட்சி. அதைச் செய்தவர்கள், ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் ஒன்றைப் பரிசோதனையாக உள்ளே சேர்த்துப் பார்த்தார்கள். பிறகு அதை முடக்கினார்களே ஒழிய அகற்றவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, பத்துப் பழைய ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளோடு அது அப்படியே உள்ளே இருப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டை வாங்கியவர்கள் எல்லாரும் அத்தனை ஆண்டுகளும் இன்னொரு கணினியையும் வீட்டில் வைத்திருந்தார்கள், தெரியாமலே.

நீக்குவதால் நல்லது நடந்த கதையும் ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் விளையாட்டின் கேட்ரிட்ஜில் இடம் மிக நெருக்கடி. எல்லாம் முடிந்து டீபக் கருவிகளை எடுத்தபோது ஏறத்தாழ 300 பைட் இடம் காலியானது. முன்னூறு எழுத்து எழுதும் அளவுக்கான இடம். அந்த நேரத்தில் எதையும் தொடக்கூடாது என்பதே வழக்கம். ஆனால் நிரலாளர் ஷிகேகி மோரிமோட்டோ அந்தச் சந்தில் மியூ என்ற 151ஆவது போக்கிமானைச் சத்தமில்லாமல் புகுத்திவிட்டார். விளையாட்டுக்குள் அதைப் பிடிக்க முறையான வழியே கிடையாது. வதந்தி பரவி, ஆவல் பெருகி, கடைசியில் நிறுவனமே ஒரு சிறுவர் பத்திரிகை வழியாகக் குலுக்கலில் மியூவைக் கொடுக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் போக்கிமானின் பெரும் வெற்றிக்கு அந்தப் பரபரப்பு உதவியது என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். டீபக் மெனு போன இடத்தில் முளைத்தது மியூ.

பயன்படுத்தாத பகுதிகள் எப்படி உருவாகின்றன என்று பார்க்க, நாம் சிங்கப்பூரை விட்டு எங்கும் போகவேண்டியதில்லை. யூபிசாஃப்ட் நிறுவனம் 2008இல் இங்கே தன் கிளையைத் திறந்தது. 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையில் கடலும் கப்பலும் சிங்கப்பூர்க் குழுவின் கைவண்ணம். 2012இல் வந்த மூன்றாம் பாகத்திலும் 2013இல் வந்த 'பிளாக் ஃபிளாக்' விளையாட்டிலும் அலையும் கடற்போரும் அவ்வளவு நன்றாக அமைந்ததற்கு அந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. பிளாக் ஃபிளாக்கின் கப்பல் போரைப் பலர் சேர்ந்து ஆடும் துணைப் பகுதியாக விரிக்கலாம் என்று தொடங்கிய முயற்சிதான் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. துணைப் பகுதியாக இருந்தது தனி விளையாட்டாக வளர்ந்தது. 2017 ஜூனில் அறிவித்தார்கள். 2018இல் வரும் என்றார்கள். தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2024 பிப்ரவரி 16 அன்று வெளியானது.

இடைப்பட்ட ஆண்டுகளில் விளையாட்டின் களமே மாறியது. கரீபியக் கடலில் தொடங்கிய யோசனை இந்தியப் பெருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. 2017இல் மேடையில் ஆடிக்காட்டிய விளையாட்டும் 2024இல் கடைக்கு வந்த விளையாட்டும் வேறு வேறு. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் வரைந்த கப்பல்கள், எழுதிய கதைகள், அமைத்த துறைமுகங்கள் ஒதுக்கப்படும். அவற்றைச் செய்தவர்கள் ஃபியூஷனோபொலிஸ் கட்டடத்துக்குத் தினமும் வேலைக்கு வந்துபோனவர்கள். உங்கள் பக்கத்து புளோக்கில் குடியிருப்பவராகக்கூட இருக்கலாம். அவர்களுடைய ஈராண்டு மூவாண்டு உழைப்பு எந்த ஆட்டக்காரர் கண்ணிலும் படாமல் போவது இந்தத் தொழிலில் வாடிக்கை. ஒரு பழைய விளையாட்டின் மூலையில் கைவிடப்பட்ட பாத்திரம் ஒன்றை யாரோ கண்டெடுக்கும்போது எனக்கு மகிழ்ச்சி வருவது இதனால்தான். பெயர் தெரியாத ஒரு கலைஞரின் வேலை தாமதமாகவாவது வெளிச்சத்துக்கு வருகிறது.

காரணங்கள் இன்னும் உண்டு. நேரம் போதாமல் வெட்டுவது, கருவியின் நினைவகம் கொள்ளாமல் வெட்டுவது, ஒரு நாட்டுத் தணிக்கைக்காக ஒரு காட்சியை மறைப்பது, ஆடிப் பார்த்தவர்களுக்குச் சலிப்புத் தட்டியதால் எடுப்பது. இணையத்தில் தொடர்ந்து ஓடும் விளையாட்டுகளில் மட்டும் நிலைமை வேறு. சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட கரேனா வெளியிடும் 'ஃப்ரீ ஃபயர்' விளையாட்டை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அப்படிப்பட்ட விளையாட்டுகளின் கோப்புகளில் கண்டெடுக்கப்படும் புது உடையும் ஆயுதமும் பெரும்பாலும் கைவிடப்பட்டவை அல்ல, இன்னும் வெளியிடாதவை. அடுத்த மாத நிகழ்ச்சிக்குத் தேவையானதை முன்கூட்டியே எல்லார் கைப்பேசிக்கும் அனுப்பிவிட்டு, நாள் வந்ததும் நிறுவனம் திறந்துவிடும். ஃப்ரீ ஃபயருக்கு 'அட்வான்ஸ் சர்வர்' என்ற சோதனைப் பதிப்பே தனியாக உண்டு. பதிவு செய்துகொண்டவர்கள் வரப்போவதை முன்னதாக ஆடிப் பார்த்துப் பிழைகளைச் சொல்லலாம்.

லிட்டில் இந்தியாவுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்தால் சிம் லிம் ஸ்குவேர். 1987இல் திறந்த அந்தக் கட்டடத்தில்தான் சிங்கப்பூரின் ஒரு தலைமுறை கணினிப் பாகங்களை வாங்கிப் பூட்டக் கற்றது. அங்கே விற்ற பொருள்களில் இந்த ஊரே பெருமைப்படும் ஒன்று சவுண்ட் பிளாஸ்டர். சிம் வோங் ஹூ 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி 1989இல் வெளியிட்ட ஒலி அட்டை அது. உலகமெங்கும் கணினி விளையாட்டுகளுக்கு வாய் திறந்துவிட்டது அந்தச் சிங்கப்பூர் அட்டைதான் என்றால் மிகையில்லை. அன்று ஒரு விளையாட்டைத் தொடங்குமுன் அட்டையின் முகவரி, குறுக்கீட்டு எண், நேரடி நினைவக வழி என்று 220, 5, 1 போன்ற எண்களை நாமே கொடுக்கவேண்டும். தவறினால் ஒலி வராது. 1993இல் வந்த 'டூம்' விளையாட்டுக்கு அப்படி ஒலியைச் சரிசெய்துவிட்டு, 'ஐடிடிக்யூடி' என்று தட்டினால் சாகாவரம், 'ஐடிகேஎஃப்ஏ' என்று தட்டினால் எல்லா ஆயுதமும் சாவியும். வளரும் நிலையில் சோதிக்க உதவும் வசதிகளை அப்படியே ஆட்டக்காரர் கையில் விட்ட காலம் அது. இயந்திரத்தின் உட்பக்கம் மூடப்படாமல் இருந்ததால், பல பிள்ளைகள் அதன் வழியாகவே நிரல் எழுத வந்தார்கள். இன்றைய கைப்பேசி அந்த வாய்ப்பைத் தருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சிம் லிம்மிலிருந்து ஜாலான் புசார் பக்கம் கொஞ்சம் நடந்தால் சுங்கை ரோடு. திருட்டுச் சந்தை என்று ஊரார் அழைத்த பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 வரை அங்கே இருந்தது. பழைய மின்சாதனங்கள் தரையில் விரித்துக் கிடக்கும். ஒரு விளையாட்டின் முந்தைய பதிப்போ, கடைக்குக் காட்டக் கொடுத்த மாதிரிப் பதிப்போ பிற்காலத்தில் கிடைப்பது உலகெங்கும் இப்படிப்பட்ட இடங்களில்தான். சந்தை மூடியதோடு அந்த வாய்ப்பும் இந்த வட்டாரத்தில் சுருங்கிவிட்டது.

மறைந்திருப்பதைப் பற்றிய வதந்தி மறைந்திருப்பதையே உருவாக்கிய வேடிக்கையும் நடந்தது. 1992இல் 'மார்ட்டல் காம்பேட்' காசு போட்டு ஆடும் பொறியாக வந்தது. பொறியின் உரிமையாளர் மட்டும் பார்க்கவேண்டிய கணக்குத் திரையில் 'எர்மாக்ஸ்' என்று ஒரு வரி. நிரலில் நேரும் பிழைகளை எண்ணிக் காட்டும் வரி அது, அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்தவர்கள் எர்மாக் என்ற சிவப்பு உடை வீரன் உள்ளே ஒளிந்திருக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். ஊர் ஊராகக் கதை பரவியது. அப்படி யாரும் இல்லை. கடைசியில் 1995இல் வந்த பதிப்பில் செய்தவர்களே எர்மாக்கை நிஜப் பாத்திரமாகச் சேர்த்துவிட்டார்கள்.

எல்லாமே இப்படி இனிப்பாக முடிவதில்லை. 2005இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டுக்குள் பாலுறவுக் காட்சி ஒன்று அடைத்து வைக்கப்பட்டிருப்பதை டச்சு மாடர் ஒருவர் கண்டுபிடித்தார். 'ஹாட் காஃபி' என்று உலகம் அழைத்த விவகாரம் இது. செய்தவர்கள் அந்தக் காட்சியைக் கைவிட்டு, வழியை அடைத்து, கோப்பை வட்டிலேயே விட்டிருந்தார்கள். அமெரிக்காவின் விளையாட்டு வகைப்பாட்டு வாரியம் ஜூலையில் அந்த விளையாட்டைப் பெரியவர்களுக்கு மட்டும் என்ற வகைக்கு மாற்றியது. பெரிய கடைகள் அதை அடுக்கிலிருந்து எடுத்தன. ஆஸ்திரேலியா வகைப்பாட்டையே திரும்பப் பெற்றது. அதன்பின் அமெரிக்க வாரியம் ஒரு விதி வைத்தது. வட்டில் பூட்டிக் கிடப்பதையும், திறக்க வாய்ப்பிருந்தால், நிறுவனங்கள் முன்பே தெரிவிக்கவேண்டும்.

இங்கே 2007இல் மாஸ் எஃபெக்டைப் பற்றி எழுந்த கேள்வியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர் ஆணையம் திரையில் வரும் காட்சியை எடைபோட்டது, முதலில் கடுமையாகவும் பிறகு நிதானமாகவும். திரையில் வராததை எப்படி எடைபோடுவது? என் கருத்து இது. சாதாரண ஆட்டக்காரர் எதைக் காண்பாரோ அதை வைத்தே வயது முத்திரை இருக்கவேண்டும். பூட்டிக் கிடப்பதை நிறுவனம் ஆணையத்திடம் மறைக்கக்கூடாது. ஆனால் கைவிட்ட ஒன்றுக்காக, காட்டியதற்கு உரிய தண்டனையைக் கொடுப்பது முறையல்ல. எழுத்தாளர் அடித்துவிட்ட வரிக்காகப் புத்தகத்தைத் தடைசெய்தால், அடுத்த எழுத்தாளர் தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடுவார். ஹாட் காஃபிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் தங்கள் வட்டுகளைத் துடைத்துச் சுத்தம் செய்வதில் காட்டும் கவனம் கூடியது. வழக்கறிஞர்களுக்கு நல்லது. வரலாற்றுக்கு இழப்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பூட்டிய பகுதி தானாகத் திறக்காது. வேண்டுமென்றே வேறு நிரலையோ கருவியையோ சேர்த்தால்தான் திறக்கும். பெட்டியின்மேல் உள்ள முத்திரையைப் பார்த்து வாங்கும் உங்கள் பழக்கத்தை மாற்றவேண்டிய தேவை இல்லை.

இவற்றை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? வித்தை எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் விளையாட்டின் கோப்புகளைத் திறந்து, அவற்றில் உள்ள எழுத்துச் சரங்களை மட்டும் வடிகட்டிப் படிப்பார்கள். 'சோதனை அறை', 'பயன்படாது' என்ற பொருள்பட ஏதாவது இருந்தால் அங்கே நிற்பார்கள். எல்லாப் படங்களையும் ஒலிகளையும் பட்டியலிட்டு, நிரல் எதைக் கூப்பிடுகிறது, எதைக் கூப்பிடவில்லை என்று ஒப்பிடுவார்கள். யாருமே கூப்பிடாதது அனாதைக் கோப்பு. விளையாட்டை எமுலேட்டரில் ஓடவிட்டு, நினைவகத்தில் எந்த எண் எப்போது மாறுகிறது என்று கவனித்து, சந்தேகமான எண்ணை மாற்றிப் பார்ப்பது இன்னொரு முறை. 1990இல் வந்த 'கேம் ஜீனி' என்ற துணைக் கருவி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். சில சமயம் இவ்வளவும் தேவைப்படாது. மாஸ் எஃபெக்டின் கணினிப் பதிப்பில், அமைப்புக் கோப்பு ஒன்றில் ஒரு வரி சேர்த்தால் போதும், செய்தவர்கள் பயன்படுத்திய கட்டளைப் பெட்டியே திரையில் இறங்கிவரும்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லவேண்டும். நீங்கள் வாங்கிய பழைய விளையாட்டை உங்கள் வீட்டில் ஆராய்வது வேறு. பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டில் கோப்பை மாற்றி நுழைவது வேறு. இரண்டாவது மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுக்கும், உங்கள் கணக்கையும் முடக்கிவிடுவார்கள். பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதற்குச் சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. 2020 ஜூலையில் நின்டெண்டோவின் பழைய உள்கோப்புகள் பெருமளவில் கசிந்தபோது, 'சூப்பர் மாரியோ 64' விளையாட்டில் லூயிஜியையும் சேர்க்கத் திட்டமிருந்தது உறுதியானது. ரசிகர்கள் 24 ஆண்டுகளாக வாதாடிய விஷயம் அது. அந்தச் செய்தி எனக்கும் இனித்தது. ஆனாலும், நிறுவனத்திடமிருந்து களவாடியதும், அது தானே விற்ற வட்டில் விட்டுவைத்ததும் ஒன்றாகாது. களவில் ஊழியர்களின் தனிப்பட்ட விவரங்களும் சேர்ந்தே வெளியேறும். நான் அதை ஆதரிக்கமாட்டேன்.

களவை எதிர்ப்பவர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. முறையாகச் சேமித்து வைப்பது. சிங்கப்பூரில் இதற்கு அவசரம் அதிகம். லூகாஸ்ஃபிலிம் 2000களின் நடுவில் இங்கே வந்தது. 2008இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த 'ஸ்டார் வார்ஸ்: த குளோன் வார்ஸ் – ஜெடை அலையன்ஸ்' இங்கே செய்யப்பட்டது. 2013இல் லூகாஸ்ஆர்ட்ஸ் விளையாட்டுப் பிரிவை டிஸ்னி மூடியது. ஒன்-நார்த்தில் சாண்ட்கிராலர் கட்டடம் எழுந்தது, ஆனால் 2023இல் லூகாஸ்ஃபிலிமின் சிங்கப்பூர்க் கிளையையும் மூடப்போவதாக அறிவித்தார்கள். கட்டடம் நிற்கிறது. அதில் வேலை செய்தவர்கள் பல நிறுவனங்களுக்குச் சிதறிவிட்டார்கள். இப்படி ஒரு நிறுவனம் மூடும்போது பாதிப் பதிப்புகளும் சோதனை மெனுக்களும் எங்கே போகின்றன? பெரும்பாலும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் அழிகின்றன. நாளை ஒருவர் சிங்கப்பூரில் வீடியோ கேம் எப்படி வளர்ந்தது என்று எழுத உட்கார்ந்தால், கடையில் விற்ற இறுதி வடிவம் மட்டுமே அவர் கையில் இருக்கும். நாடக ஒத்திகையின் குறிப்புகளையும் திரைப்படத்தின் எழுத்துப் படிகளையும் ஆவணமாக மதிக்கும் சமுதாயம் விளையாட்டின் சோதனைப் பதிப்பையும் அப்படியே மதிக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குப் பெரிய நிறுவனங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ, 2008 முதல் இங்கே இயங்கும் டிஜிபென் கல்விக்கழகத்திலோ படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் விளையாட்டுகள் செய்திருக்கிறார்கள். பாடத்திட்டத்துக்காகச் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்துவிட்டவை. தமிழில் எழுத்து வரவேண்டும் என்று போராடி, எழுத்துரு சரியாக வராமல் பாதியில் கைவிட்ட முயற்சிகளும் அவற்றில் இருக்கலாம். உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு சிடியோ பழைய வன்தட்டோ இருந்தால், இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள். எழுதும் சிடிக்கு ஆயுள் அதிகம் இல்லை, இந்த ஊரின் ஈரக் காற்றில் இன்னும் குறைவு. இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, யார் யார் சேர்ந்து செய்தது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். டீபக் மெனு இருந்தால் அதை நீக்காதீர்கள்.